இமை கற்றுக்கொண்டது

மகிழனுக்கு வலிப்பு வந்த அன்று பெட்டி திறக்கவில்லை.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லப் பார்க்கிறேன். வரிசை பிறழ்ந்தால் யார்மீது குற்றம் என்பதும் பிறழ்ந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். ஒழுங்காகச் சொன்ன பிறகும் அது எனக்கு விளங்குமா என்பது வேறு விஷயம்.

பெட்டி என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டி. வலிப்பு நோய் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில், அது படுக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில், அரசாங்கம் பொருத்திக் கொடுப்பது. மேலே ஒரு கேமரா. கீழே ஒரு பூட்டிய அறை. அறைக்குள் மூக்கில் அடிக்கும் மருந்து. கேமராவுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் கணினி நிரலுக்கு இமை என்று பெயர் வைத்திருந்தார்கள். குழந்தைக்கு வந்திருப்பது வலிப்புதான் என்று இமை முடிவு செய்தால் பூட்டு திறக்கும், ஆம்புலன்ஸுக்கும் தகவல் போகும். வலிப்பு இல்லை என்று முடிவு செய்தால் எதுவும் நடக்காது. அந்த மருந்து கண்டவர் கைக்குப் போய்ச் சிலர் மூச்சு நின்று செத்த பிறகு, பெட்டி வழியாக அல்லாமல் யாரும் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. டாக்டர்களுக்கும் அதே சட்டம்தான்.

நான் செவ்வந்தி. ஒரு அரசு மருத்துவமனையில், குழந்தைகள் நரம்பியல் பிரிவில் ஈ.ஈ.ஜி. எடுப்பவள். குழந்தையின் தலையில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, அது தூங்கும்வரை காத்திருந்து, மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதிவு செய்வது என் வேலை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று பளபளவென்று எண்ணெய் வைத்து வாரி அழைத்து வருவார்கள். பாதிப் பொழுது அதைத் துடைப்பதில் போகும். வேலை முடிந்ததும் கலைக் கல்லூரியின் மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் வேதநாயகி. பவானிக்காரர். குழந்தைகளின் வலிப்புக்கென்றே தனியாகப் படித்தவர்கள் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் படித்து, சென்னையில் தங்காமல் ஊர்ப்பக்கம் திரும்பி வந்தவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார். வலிப்பை அவரைப்போல் பார்க்கத் தெரிந்த இன்னொருவரை நான் கண்டதில்லை. பார்ப்பது என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது வலிப்பு போயிருக்கும். அம்மா சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பயந்துபோன அம்மாவுக்கு அரை நிமிடம் அரை மணி நேரமாகத் தெரிந்திருக்கும். அதனால் கேமரா வைத்த போன் வீட்டுக்கு வீடு வந்ததுமே டாக்டரம்மா எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். ஒருத்தர் குழந்தையைப் பாருங்க, இன்னொருத்தர் வீடியோ எடுங்க.

அப்படி வந்த வீடியோக்களை அவர் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். குழந்தையின் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா. கைகால் வெட்டு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது. முடியும்போது வெட்டுகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகிறதா, இல்லை சட்டென்று நிற்கிறதா. யாராவது கையைப் பிடித்தால் நடுக்கம் அடங்குகிறதா, பிடித்த கையையும் சேர்த்து உதறுகிறதா. வயிற்றுவலி என்று நாட்டு மருந்துக்கடையில் கஷாயம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை, தூங்கி எழுந்ததும் கும்பிடுவதுபோல் மடங்கி மடங்கி நிமிர்வதைப் பார்த்து, அன்றைக்கே படுக்கையில் சேர்த்தார். இன்னொரு குழந்தை அழுது அழுது நீலம் பாரித்துத் துவண்டது. அதற்கு எழுதியிருந்த மாத்திரைகளையெல்லாம் நிறுத்தி, "இவன் கோவக்காரன், அவ்வளவுதான். நோய் ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்கு அனுப்பினார். வேண்டாத மருந்தை நிறுத்துவதும் வைத்தியம்தான் என்பார்.

இருபது வருடத்துக்கும் மேலாக வந்த அந்த வீடியோக்கள் எல்லாவற்றையும், இது வலிப்பு, இது வலிப்பு இல்லை என்று அவரே தரம் பிரித்து வைத்திருந்தார். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கி, அதை வைத்துத்தான் இமைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பரீட்சை வைத்துப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை டாக்டரம்மா சொன்னதையே இமையும் சொன்னது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய கண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் என்று திறப்பு விழாவில் யாரோ பேசினார்கள். டாக்டரம்மா மேடையில் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வாழ்நாளில் செய்த இன்னொரு வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது நம் வழக்கம். சாவிக்கொத்து, அரிவாள், கதவுத் தாழ்ப்பாள், எது கிடைக்கிறதோ அது. எங்கள் பிரிவில் ஒரு மேசை இழுப்பறை நிறைய, வந்த குழந்தைகளின் கையிலிருந்து எடுத்த இரும்பு கிடந்தது. தறியின் உதிரிப் பாகங்கள்கூட இருந்தன. அரிவாளைப் பிடித்த கை கிழிந்து தையல் போட்ட குழந்தைகளும் உண்டு. "வலிப்பு தானா நிக்குது. பேரு இரும்புக்குப் போகுது" என்று டாக்டரம்மா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் வாயில் எதையும் கொடுக்காதீர்கள், கூட்டம் கூடாதீர்கள். இளம் அம்மாக்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கோகிலவாணி அப்படிக் கேட்டவள்.

மகிழன் அவள் பையன். ஐந்து வயது. காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும், வந்தால் தானாக நிற்காது. மருந்து உடனே வேண்டிய பிள்ளை. வீடு மலையடிவாரத்தில், ஆம்புலன்ஸ் வர நேரமாகும். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் பெட்டியே வந்தது.

அன்று கோகிலா எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். பெட்டியைப் பார்த்தாள். அது திறக்கவில்லை. கேமராவுக்கு மறைக்கிறோமோ என்று நகர்ந்து உட்கார்ந்தாள். திறக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தறிப்பட்டறையின் சரக்கு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்தபோதும் வெட்டிக்கொண்டுதான் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து நிறுத்தினோம். உயிர் பிழைத்தான். போகிற பஸ்ஸின் நம்பரையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லும் பையன், கண் விழித்த பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இமையின் பதிவைக் கேட்டு வாங்கினோம். 'வலிப்பு இல்லை' என்று, அதுவும் மிகுந்த உறுதியோடு குறித்திருந்தது. பெட்டியைச் சரியான கோணத்தில் பராமரிக்காதது காரணமாக இருக்கலாம், பெற்றோருக்கு அறிவுரை வழங்கவும் என்று இமையை உருவாக்கிய நிறுவனம் ஒரு வரி சேர்த்திருந்தது.

டாக்டரம்மா அந்தப் பதிவில் இருந்த வீடியோவை ஒருமுறை பார்த்தார். மறுபடி ஓடவிட்டார்.

"இது வலிப்பு இல்லைன்னா நான் இத்தனை வருஷம் என்னத்தப் பார்த்தேன்?" என்றார்.

கோணம் நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம் இருந்தது. கண் திறந்து ஒரு பக்கம் இழுத்திருந்தது, இரண்டு கையும் ஒரே தாளத்தில் வெட்டின. என்னைப் போன்றவளுக்கே தெரியும். இதே இமை போன மாதம் எத்தனையோ வீடுகளில் சரியாகத் திறந்திருந்தது.

மாலை வகுப்பில் ஒருநாள், இயந்திரம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று தெரியாவிட்டால் படத்தின் ஒவ்வொரு பகுதியாக மூடிவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எந்தப் பகுதியை மூடும்போது பதில் மாறுகிறதோ, அதைத்தான் அது பார்க்கிறது. இதை டாக்டரம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. நிறுவனத்தில் இவ்வளவு பெரிய ஆட்கள் செய்யாமலா இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. எப்படியோ சொன்னேன். "செய்" என்றார்.

இமை சரியாகச் சொன்ன பழைய வீடியோக்களை எடுத்து, பரீட்சைக்காக எங்கள் கணினியில் ஏற்றியிருந்த இமையிடம் காட்டினோம். முகத்தை மூடினேன்: வலிப்பு என்றது. கால்களை மூடினேன்: வலிப்பு. உடம்பு முழுவதையும் மூடி ஒரு கையை மட்டும் விட்டேன்: அப்போதும் வலிப்பு. அந்தக் கையை மட்டும் மூடிவிட்டு, திறந்த கண்ணையும் வெட்டும் காலையும் காட்டினேன்: வலிப்பு இல்லை என்றது. அடுத்த வீடியோவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். எனக்கு அதுவரை விளங்கவில்லை. கையின் அசைவில் ஏதோ நுட்பம் இருக்கிறது, அதை இமை பிடித்திருக்கிறது என்றே நினைத்தேன். அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். அந்தக் கையில் சாவிக்கொத்து இருந்தது. அடுத்த வீடியோவில் அரிவாள். அடுத்ததில் ஒரு கதவுக் கொண்டி.

"வலிப்பு வந்த பிள்ளைக எல்லாத்துக்கும் கையில இரும்பு குடுத்திருக்காங்க. கோவத்துல அழுதது, குளிருல நடுங்குனது, அதுக்கெல்லாம் குடுக்கல. பயந்தாத்தானே குடுப்பாங்க?" என்றார். "நான் பிரிச்சு வெச்சதை அது கத்துக்கலை, செவ்வந்தி. ஊரு செஞ்சதைக் கத்துக்கிருச்சு."

"சரியான விடைதானே சொல்லிட்டிருந்துச்சு, மேடம்?"

"சொல்லும். எம் பேச்சைக் கேக்காத வீட்டுல எல்லாம் சரியாத்தான் சொல்லும்."

பெற்றோருக்குச் செய்து காட்டுவதற்காக எங்கள் பிரிவிலும் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. டாக்டரம்மா அந்த இழுப்பறையைத் திறந்து ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் எதிரில் இருந்த கட்டிலில் படுத்து, சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் உதறினேன். சிரிப்பு வேறு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி டக்கென்று திறந்துகொண்டது. உள்ளே மருந்து தயாராக இருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் போய்ப் பெட்டியின் கதவை அழுத்தி மூடினார்.

நிறுவனத்தின் சார்பில் பேசியவர் ரிஷிகேஷ் என்ற இளைஞர். நல்லவர். அதைச் சொல்லத்தான் வேண்டும். திரையில் எங்கள் சோதனையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது, மறுக்கவில்லை, மழுப்பவில்லை. மறுபடி கற்றுக்கொடுக்கலாம் என்றார். அதற்கு இரும்பு இல்லாத வலிப்பு வீடியோக்கள் வேண்டும், நம் ஊர் வீடுகளில், நம் ஊர் வெளிச்சத்தில் எடுத்தவை, ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றார். பழைய வீடியோக்களில் கையை மட்டும் மறைத்துவிட்டுக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அதைத் தாங்களும் உடனே செய்து பார்த்ததாகவும், கையின் வெட்டு தெரியாமல் பாதிக்கு மேல் தவறவிடுவதாகவும் மறுநாள் சொன்னார்.

அதுவரை நிறுத்தி வைக்கலாமே என்றார் டாக்டரம்மா. நிறுத்தினால் எல்லா வீட்டிலும் பெட்டி பூட்டியே கிடக்கும், இப்போது திறக்கிற வீடுகளிலும் திறக்காது என்றார் ரிஷிகேஷ். மருந்தைப் பெற்றோர் கையிலேயே கொடுக்க அனுமதி வேண்டும் என்று டாக்டரம்மா சுகாதாரத் துறைக்கு எழுதினார். குழு அமைக்கப்படும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். அதே பதில், வேறு தேதியில்.

கடைசிப் பேச்சின் முடிவில் ரிஷிகேஷ் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "மேடம், இது ஒரு தற்காலிக ஏற்பாடுதான். பேரன்ட்ஸ் வழக்கமா செய்யறதைச் செய்யச் சொன்னீங்கன்னா..."

"சொல்லுங்க. என்ன செய்யச் சொல்லணும்?"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. டாக்டரம்மாவும் வற்புறுத்தவில்லை.

மகிழனை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. கோகிலாவும் அவள் கணவன் லோகநாதனும் வந்து உட்கார்ந்தார்கள். லோகநாதன் பட்டறையில் தறி ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். மகிழன் அவர் மடியில் இருந்து ஜன்னல் வழியே பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்தது, போனது. வாய் அசையவில்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. பெட்டி ஏன் திறக்கவில்லை என்பதை அவர்களுக்குப் புரியும்படி முழுவதும் சொன்னார். தான் சேர்த்துக் கொடுத்த வீடியோக்களால் வந்தது என்றும் சொன்னார். இரும்பு இல்லாத வீடியோக்கள் நிறையக் கிடைத்தால்தான் அதற்குப் புத்தி வரும், அதுவரை வேறு வழி தெரியவில்லை என்றார். பிறகு மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்: "அடுத்த தடவை வந்தா, அவன் கையில சாவியைக் குடு, கண்ணு. கேமராவுக்குத் தெரியற மாதிரி."



"அன்னைக்கு இவரு சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு ஓடியாந்தாருங்க" என்றாள் கோகிலா. "நாந்தான் தட்டிவுட்டேன். டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, அறிவு கெட்டத்தனமா பண்ணாதீங்கன்னு திட்டியும் போட்டேன். எங்க மாமனாரு, கொழுந்தனாரு எல்லாத்து முன்னாடியும்."

டாக்டரம்மாவால் என்ன சொல்ல முடியும்? நீ செய்தது சரி என்றால் பையன் எதிரில் இருக்கிறான். தவறு என்றால் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

லோகநாதன்தான் பேசினார். "வுடு, கோகிலா. இரும்பு குடுத்திருந்தா நின்னுருக்கும். அதைத்தானுங்க இப்ப டாக்டரம்மாவும் சொல்றாங்க."

"இரும்பால நிக்காதுங்க. இரும்பைப் பார்த்தாத்தான் பெட்டி திறக்கும். மருந்தாலதான் நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

"செரிங்க" என்றார் லோகநாதன். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் முகத்தில், தனக்கு இரண்டும் ஒன்றுதானே என்பது தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், அவர் இருக்கும் இடத்திலிருந்து இரண்டும் ஒன்றுதான்.

அதன் பிறகு டாக்டரம்மா ஒவ்வொரு அம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சுவரில் இருந்த 'இரும்பைக் கொடுக்காதீர்கள்' படத்தை என்னைக் கழற்றச் சொன்னார். அதில் அவருடைய படமே போட்டிருந்தது, இன்னும் நரைக்காத தலையோடு. சொல்ல வேண்டியவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். செய்தி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. போகும் வழியில் பெட்டி உதிர்ந்துவிட்டது, சட்டம் உதிர்ந்துவிட்டது, வீடியோ உதிர்ந்துவிட்டது. வலிப்புக்கு இரும்புதான் மருந்து என்று டாக்டரம்மாவே ஒத்துக்கொண்டார் என்பது மட்டும் மிஞ்சியது. ஒரு முதியவர் வாசலில் என்னை நிறுத்தி, "நாங்க அன்னைக்கே சொன்னமுங்க. படிச்சவங்களுக்கு வந்து சேர இவ்வளவு நாளாயிருக்குது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இரும்பு டாக்டரம்மா என்று அவருக்கு ஒரு பேரும் விழுந்தது. அன்பாகத்தான் சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் திறந்துகொண்டது. பெட்டி உள்ள ஒரு வீட்டில், குளிர்காய்ச்சலில் நடுங்கிய குழந்தைக்குச் சாவியைக் கொடுத்தார்கள். பெட்டி திறந்தது. மருந்தை அடித்தார்கள். மூச்சு மட்டுப்பட்டு எங்களிடம் வந்தாள், எட்டு மாதப் பெண் குழந்தை. டாக்டரம்மா அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. பதிவை எடுத்துப் பார்த்தோம். 'வலிப்பு' என்று, மிகுந்த உறுதியோடு குறித்திருந்தது.

நிறுவனத்திலிருந்து ஒரு அறிக்கை வந்தது. இமையின் துல்லியம் உயர்ந்திருக்கிறதாம். உயராமல் என்ன செய்யும்? பெட்டி உள்ள எல்லா வீட்டிலும் இப்போது இரும்பு கையில் ஏறியிருந்தது. ரிஷிகேஷ் தனியாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், இரும்பு இல்லாத வீடியோ ஏதாவது வந்திருக்கிறதா என்று. மகிழனுடைய பழைய வீடியோ ஒன்று, வேறு சில. அவ்வளவுதான் என்றேன். மாலை வகுப்பில் நோட்டின் ஓரத்தில் இதைப் படமாக வரைந்து பார்த்தேன். இமைக்குப் புத்தி வர வெறும் கை வேண்டும். வெறும் கையென்றால் பெட்டி திறக்காது. பெட்டி திறக்காது என்று தெரிந்தால் எந்த அம்மா கையை வெறுமையாக விடுவாள்? வட்டத்தை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. எனக்குக் கணக்கு போதாததால்தான் தெரியவில்லையோ என்று ஆசிரியரிடமும் காட்டினேன். அவர் வட்டத்தின்மேல் பேனாவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மழை பிடித்த பிறகு ஒரு வியாழக்கிழமை, புறநோயாளிகள் வரிசையில் கோகிலா நின்றிருந்தாள். இடுப்பில் மகிழன். அவளைப் பார்த்ததும் வரிசையை விலக்கிக்கொண்டு அருகில் போனேன். காய்ச்சல் வந்து, வலிப்பும் வந்ததாம். ஆனால் பையன் தெளிவாக இருந்தான். என்னைப் பார்த்துக் கையை நீட்டி என் அடையாள அட்டையை இழுத்தான்.

உள்ளே போனதும் டாக்டரம்மா அவன் கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார்.

"பெட்டி திறந்துச்சா?"

"தொறந்துச்சுங்க. மருந்து அடிச்சதும் நின்னுருச்சு."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். அவர் தோள்கள் தளர்ந்ததைக் கண்டேன். அந்த ஒரு நொடி எங்களுக்கு நல்ல நொடி. பிறகு கோகிலா போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாத்தனாரை வீடியோ எடுக்கச் சொன்னதாகச் சொன்னாள்.

திரையில் மகிழன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். இரண்டு கையும் வெட்டின. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. பக்கத்தில் கோகிலா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்து அவளுடைய முதுகுக்குப் பின்னால், அவள் கையில் இருந்தது. கேமராவுக்குத் தெரியாதபடி. லோகநாதன் ஏதோ கத்துவது கேட்டது. அவள் திரும்பவில்லை. பையனின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. பிறகு சாவியை முன்னால் கொண்டுவந்து பையன் விரல்களுக்குள் திணித்தாள். பெட்டி திறந்தது.

"நூத்தி இருவது எண்ற வரைக்கும் குடுக்காம வெச்சிருந்தேனுங்க" என்றாள் கோகிலா. "அதுக்கு மேல என்னால முடியலைங்க. இரும்பு இல்லாத வீடியோ வேணும்னு அன்னைக்குச் சொன்னீங்கல்லங்க? அந்த ரெண்டு நிமிசம் உங்களுக்கு ஆவுமுங்களா?"

டாக்டரம்மா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீடியோ முடிந்து திரை இருண்ட பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் இப்படிச் செய்யாதே என்று அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்ல வேண்டும். டாக்டராக அவர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை அதுதான். கதவு திறந்திருந்தது. வரிசையில் நின்ற அம்மாக்களில் முன்னால் நின்ற இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆகும்" என்றார் டாக்டரம்மா. "நல்லா எடுத்திருக்காங்க. தெளிவா இருக்குது."

"இதே மாதிரி இன்னும் எத்தனை வேணுமுங்க?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகிழனின் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

"இது போதும், கண்ணு" என்றார்.

கோகிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் வீடியோவை எங்கள் கணினிக்கு மாற்றினேன். கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், அடுத்த எண்ணைப் போட்டேன். வாசலில் நின்ற அம்மாக்களில் ஒருத்தி கோகிலாவைத் தோளில் தொட்டு, எப்படி எடுத்தாய் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.